தோள் மேல இருக்கற கை

அந்தப் பையைச் சித்த உன்ற மடியில வச்சுக்கிறயா கண்ணு? கீழ வைக்காத. எவனோ தண்ணிய ஊத்தி வச்சிருக்கறான் பாரு. உள்ள சீலை இருக்குது. என்றது இல்லை, இரவல் சீலை. குடுத்துட்டு வரத்தான் திருப்பூர் போறேன். கோயில்வழி ஸ்டாப் வந்தா ஒரு வார்த்தை சொல்லீரு. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கறதுக்குள்ள பஸ்ஸு தாண்டிப் போயிருது.

தாராபுரத்துல ஏறினதுல இருந்து நீ என்ற தலையவே பார்த்துட்டு வர்றே. கேட்டா என்ன, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன். டைதான். மருமவ போட்டு உட்டா. நெத்தி ஓரத்துல கருப்பா ஒட்டிக்கிட்டது இன்னும் போகலை, தேங்கா எண்ணெய் போட்டுக்கூடத் தேய்ச்சுப் பார்த்துட்டேன். இந்த வயசுல கெழவிக்கு என்ன மினுக்கு வேண்டிக் கெடக்குதுன்னு நெனைச்சிருப்பே. போட்டாவுக்குப் போட்டது கண்ணு. போட்டா எடுத்தாச்சு, மாட்டியாச்சு. டை மட்டும் நிக்குது.

என்ற மவன் மயில்சாமி புது ஊடு கட்டி, போன வாரம் புண்ணியார்ச்சனை வச்சுப் பால் காய்ச்சுனான். நல்ல ஊடு. மாடி, டைல்ஸு, எல்லாம் இருக்குது. வாசக்கதவைத் தொறந்தா நேரா தெரியற செவுத்துல அப்பனும் ஆத்தாளும் சேந்து நிக்கற போட்டா மாட்டோணும்னு சொன்னான். அவன் மாமனார் ஊட்டுல அப்படி ஒண்ணு தொங்குது. பெருசு, லைட்டெல்லாம் போட்டு. என்ற மருமவ கலாமணி, நல்ல புள்ளைதான், அவளும் சொன்னா. "அத்தை, அந்த எடம் வெறுஞ்செவுரா இருந்தா சொந்தபந்தம், ஒரம்பரைன்னு வர்றவங்க ஒரு மாதிரி பேசுவாங்க"ன்னா. பேசத்தான் செய்வாங்க. ஏற்கெனவே பேசினவங்கதான அத்தனை பேரும்.

எங்கூட்டுக்காரரு போய் ரண்டு வருசம் ஆச்சு.

நாங்க ரண்டு பேரும் சேந்து நின்ன போட்டா ஒண்ணுகூட இல்லை. கண்ணாலத்துல எடுத்தாங்க. அந்த ஆல்பத்தை மச்சு மேல வச்சது, கரையான் தின்னு மண்ணா எறங்குச்சு. அப்பறம் ரேசன் கார்டுல இருக்கறதுதான். செத்தப்ப கண்ணீர் அஞ்சலி போர்டு வைக்கறதுக்கு அதையேதான் பெருசு பண்ணுனாங்க. கண்ணு மூக்கெல்லாம் புள்ளி புள்ளியாப் போயி, பஸ் ஸ்டாப்புல நின்னவங்க பாதிப் பேரு, யாரு செத்தது, யாரு செத்ததுன்னு கேட்டாங்களாம். போர்டுக்குக் கீழயே நின்னுட்டு.

சிரி, சிரி. அப்ப நானே கேட்டு ஒண்ணும் தோணாம உக்காந்திருந்தேன்.

மயில்சாமி அங்க இங்கயெல்லாம் தேடுனான். ஒண்ணும் ஆம்படலை. அப்பத்தான் நான் பெட்டியில இருந்து வேற ஒரு போட்டாவை எடுத்துக் குடுத்தேன். எங்கூட்டுக்காரரு திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரு. மொதல்ல ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை வந்துட்டுப் போனாரு. அப்பறம் மாசத்துக்கு ஒருக்கா. அப்பறம் தீவாளி, பொங்கல்னு நோம்பி நொடிக்கு. அங்க ஒருத்தி இருந்தா. வசந்தாமணின்னு பேரு. அதே கம்பெனியில செக்கிங்ல இருந்தவ. மறைக்கறதுக்கு என்ன இருக்குது, ஊருக்கே தெரிஞ்சதுதான். எனக்கு அதுல ஒண்ணும் இல்லை கண்ணு. தோட்டமிருந்துச்சு, மாடு இருந்துச்சு, பையன் இருந்தான். சோலி செரியா இருந்துச்சு எனக்கு.

அவரு செத்தப்பறம் அங்கிருந்து ஒரு ரெக்சின் பேக்கு வந்துச்சு. ரண்டு வேட்டி, சவரம் பண்ற சாமான், அதுக்கடியில இந்தப் போட்டா. ஏதோ ஒரு ஸ்டுடியோவுல நின்னு எடுத்தது. பின்னால அருவி வரைஞ்ச படுதா. அவரு கட்டம் போட்ட சட்டை போட்டுட்டு நிக்கறாரு. பக்கத்துல அவ, அரக்குக் கலர்ல மாங்கா பார்டர் வச்ச பட்டுச்சீலை கட்டீட்டு. அவரு கையி அவ தோள் மேல இருக்குது. சிரிக்கறாரு. பல்லெல்லாம் தெரியுது. அவருக்குக் கடைவாய்ல ஒரு பல்லு இல்லைங்கறதே எனக்கு அதைப் பார்த்துத்தான் தெரியும்.

மயில்சாமி அதைக் கையில வாங்கினான். பார்த்தான். "அம்மா, இது வேண்டாம்"னான்.

"மூஞ்சி பளிச்சுன்னு நல்லாத்தான இருக்குது. வேண்டாததை வெட்டிக்கலாம். இப்பத்தான் எல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றாங்களே"ன்னேன்.

அவன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. இருந்தாலும் வண்டியில வச்சுக் கூட்டீட்டுப் போனான். ஸ்டுடியோ வாசல்ல எறக்கி உட்டுட்டு டீக்கடைக்குப் போயிட்டான். உள்ளாற வரலை.

தாராபுரத்துல சம்பத் ஸ்டுடியோன்னு, நீ பார்த்திருப்பே. இந்த மாதிரி சேர்த்து வைக்கற சோலிக்கு அவருகிட்டத்தான் எல்லாரும் போறது. செத்தவங்களையும் இருக்கறவங்களையும் ஒண்ணா நிக்க வச்சிருவாரு. எங்கூருல ஒரு பொம்பளைக்கு, புருசன் மிலிட்டரியில போனவன், அவனையும் இவளையும் பேரனையும் ஒண்ணா வச்சுக் குடுத்திருக்கறாரு. அந்தாளு சாகறப்ப பேரன் பொறக்கவே இல்லை.

சம்பத்து போட்டாவை வெளிச்சத்துல வச்சுப் பார்த்தாரு. "இந்தம்மா யாருங்க?"ன்னாரு.

"சொந்தக்காரப் புள்ளை"ன்னேன்.

அவரு மேல ஒண்ணும் கேக்கலை. அவருக்கும் அது சோலிதான. "ரொம்பச் சுலுவுங்கம்மா. அய்யாவை நெஞ்சு வரைக்கும் தனியா வெட்டி எடுத்துக்கலாம். நீங்க உங்களுக்குப் பிடிச்ச சீலை கட்டீட்டு வாங்க, தனியா எடுத்துப் பக்கத்துல வச்சிரலாம். இந்தக் கைய அழிச்சுட்டு, சட்டையக் கொஞ்சம் இழுத்து உட்டாப் போதும்"னாரு.

"கைய எதுக்கு அழிக்கோணும்?"னு கேட்டேன்.

"கை இருந்தாச் சங்கடமுங்க. வெரலெல்லாம் சீலை மடிப்புல பொதைஞ்சு கெடக்குது பாருங்க. இதே கலரு, இதே மாதிரி சீலை இருந்தாத்தான் ஒட்டும். அழிக்கறதுதான் சுலுவு."

நான் அழிக்க வேண்டாம்னு சொல்லீட்டேன். செத்த மனுசனைக் கையில்லாம மொண்டியாக்கிச் செவுத்துல மாட்டறதா? பார்க்கறவங்க என்ன நெனைப்பாங்க? கையிக்காகச் சொல்லலை. எனக்கு அந்தக் கையி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. அவரு உசுரோட இருந்தப்பவே என்ற தோள் மேல கை வச்சதில்லை. எங்கூர்ல எந்தப் புருசன் வச்சான்? வெளியில போனா அவரு முன்னால போவாரு, நான் பின்னால போவேன். அது பழகிப்போச்சு. மொண்டியா இருக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்.

நான் எனக்குன்னு ஒரு சீலை எடுத்து வச்சிருந்தேன் கண்ணு. மயில்சாமி கண்ணாலத்துக்கு எடுத்த மயில்கழுத்துப் பச்சை. ஒரே ஒருக்காத்தான் கட்டுனது. போட்டான்னு பேச்சு வந்ததுமே அதை எடுத்து வெயில்ல காய வச்சு, மடிப்பு மாத்தி, தலைமாட்டுல வச்சுட்டேன். அது எனக்கு எடுப்பா இருக்கும்னு எங்க நங்கை, அதான் அவரு அக்கா, அவளே சொல்லீருக்கறா. அவ வாயில இருந்து ஒரு நல்ல வார்த்தை வர்றது அதிசயம்.

அதைத் திருப்பி உள்ள வச்சேன்.

அரக்குக் கலருல மாங்கா பார்டர் வேணும்னு கலாமணியைக் கூட்டீட்டுக் கடை கடையா ஏறி எறங்குனேன். அரக்கு இருந்தா மாங்கா இல்லை, மாங்கா இருந்தா கரை பெருசா இருக்குது. போனுல படம் அனுப்பிக் கேட்டுப் பார்த்தா. "அத்தை, இப்ப இந்த டிசைனே வர்றதில்லையாமா"ன்னா. எந்தச் சீலையாச்சு கட்டுங்க, யாரு பார்க்கப் போறாங்கன்னா. அவளுக்கென்ன, சின்னப் புள்ளை.

அப்பறம் யோசிச்சேன். அந்தச் சீலை எங்க இருக்குதுன்னுதான் நமக்குத் தெரியுமே. சுத்தறது எதுக்கு? கோயிலுக்குப் போறேன்னு சொல்லீட்டு இதே பஸ்ஸுல ஏறுனேன்.

அவளை நான் அதுக்கு முன்னால ஒருக்காப் பார்த்திருக்கறேன். எழவன்னைக்கு வந்தா. ஒரு மாலைய வாங்கீட்டு கேட்டுக்கு வெளிய நின்னா. எங்க நங்கையும் இன்னும் ரண்டு பேரும் போயி ஏதோ சொன்னாங்க, மாலையக் கேட்டுலயே மாட்டீட்டுப் போயிட்டா. எனக்கு ஒண்ணும் தோணலை. என்னை உக்காருன்னாங்க, உக்காந்திருந்தேன். அழுன்னாங்க. அது மட்டும் வரலை. எதோ பிரமை புடிச்சிருச்சுன்னு வெங்காயத்தைக் கூட மூக்குக்கிட்டக் கொண்டாந்தா ஒருத்தி.

கோயில்வழியில எறங்கி விசாரிச்சா, பலகாரக்கடை வசந்தாக்கா ஊடான்னு கேட்டுக் கையக் காட்டுனாங்க. ஊட்டுக்கு முன்னாலயே அடுப்புப் போட்டு பொழுதோட போண்டா, பஜ்ஜி சுடறா. நான் போறப்ப வாழைக்காய் சீவீட்டு இருந்தா. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு நின்னுட்டா. கத்தி கையிலயே இருக்குது. அதைக் கீழ வைக்கோணும்னுகூடத் தோணலை அவளுக்கு.

"அக்கா"ன்னா.

"ஒண்ணுமில்லை. ஒரு சீலை இரவல் வேணும்"னு சொன்னேன்.

நல்லா யோசிச்சுப் பாரு கண்ணு, எப்படிப் பேசியிருக்கறேன்னு. தண்ணி குடிக்கறீங்களான்னு கூட அவ இன்னும் கேக்கலை. நான் பாட்டுக்குப் புண்ணியார்ச்சனை, போட்டா, சம்பத் ஸ்டுடியோ, சீலை ஒட்டோணும்னு ஒண்ணொண்ணாச் சொல்லீட்டு இருக்கறேன். அவ அடுப்பை அணைச்சா. கையக் கழுவி முந்தானையில தொடைச்சுட்டு, "உள்ள வாங்கக்கா"ன்னா.

உள்ள ஒரே ரூம்பு. செவுத்துல அதே போட்டா. பெருசு பண்ணி, பிரேம் போட்டு, சந்தனம் வச்சு, கனகாம்பரம் வச்சிருந்தா. நான் பார்த்தேன். அவளும் நான் பார்க்கறதைப் பார்த்தா. மறைக்கலை. அவ எடத்துல அவ மாட்டியிருக்கறா, நமக்கென்ன.

பீரோவைத் தொறந்து ஒரு மஞ்சப் பையை எடுத்தா. அதுக்குள்ள இந்தச் சீலை. சீலைக்கு நடுவுல கட்டம் போட்ட சட்டை ஒண்ணு மடிச்சு வச்சிருந்துச்சு. அந்தப் போட்டாவுல போட்டிருந்தாரே, அது. அவ சட்டைய மட்டும் எடுத்துத் திருப்பி பீரோவுல வச்சா. சீலைய என்ற கையில குடுத்தா.

"கட்டிப் பாருங்கக்கா. ஸ்டுடியோவுல போயித் தடுமாறக் கூடாதில்லீங்க."

அவளே கட்டி உட்டா. சாக்கெட்டும் அவளதுதான், பெருசா இருந்துச்சு, அவ சித்த பூசுன ஒடம்பு. ரண்டு பக்கமும் ஊக்கு குத்துனா. கொசுவம் மடிக்கறப்பப் பார்க்கறேன், வலது கையில மணிக்கட்டுக்கு மேல அவரைக்கொட்டை கணக்கா ஒரு தழும்பு. "கடையில சுட்டுக்கிட்டயா?"ன்னு கேட்டேன். "இல்லீங்கக்கா, சின்னப் புள்ளையில. கண்ணால ஊட்டுல பூரி போடற எடத்துல போயி நின்னு, எண்ணெய் தெறிச்சது"ன்னா.

தலையையும் சீவி உட்டா. "நான் அன்னைக்குக் கோண வகுடு எடுத்திருந்தேன். உங்களுக்கும் அப்படியே எடுத்துடட்டுங்களா? முடி ஓரம் அவரு சட்டையில பட்டுட்டு இருக்கும், ஒட்டறதுக்குச் செரியா இருக்கும்"னா. செரின்னேன். சம்பத்தை விட இவளுக்குத்தான் அந்தப் போட்டா மனப்பாடம். பவுடர் போட்டா. காதோரத்துல கனகாம்பரம் வைக்கச் சொன்னா. "அவரு எப்பவும் இதுதான் வாங்கியாருவாரு"ன்னா.

எங்கூட்டுக்கு முறுக்குப் பொட்டலம் வாங்கியாருவாரு. பையனுக்கு.

கண்ணாடியில பார்த்தேன். அரக்குக் கலரு எனக்கு ஒத்துக்கலை, இன்னும் கருப்பாக் காட்டுச்சு. அப்ப ஒண்ணு கேட்டேன் அவகிட்ட. எதுக்குக் கேட்டேன்னு தெரியலை. "இதுல எதுக்கு இத்தனை சிரிக்கறாரு?"

அவ செவுத்தைப் பார்த்தா. "நெனப்பு இல்லீங்கக்கா. அவரு எப்பவும் அப்படித்தான சிரிப்பாரு"ன்னா.

ஆமான்னு சொன்னேன்.

கெளம்பறப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "சீலையத் தொவைக்காமக் குடுத்துருங்கக்கா." பட்டு இல்லையா, சாயம் போயிருமேன்னு பயம் இருக்கும்னு நெனைச்சேன். செரின்னுட்டு வந்தேன். டீ குடுத்தா. குடிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு. இஞ்சி தட்டிப் போட்டிருந்தா.

கொடுவாய் தாண்டியாச்சா? இன்னும் இருக்குதா. செரி.

போட்டா எடுக்கற அன்னைக்குக் காத்தால கலாமணி டை போட்டு உட்டா. அய்யா அதுல கருகருன்னு நிக்கறாரு, நீங்க வெள்ளைத் தலையோட நின்னா அக்கா தம்பி மாதிரி இருக்கும்னு சம்பத்து சொல்லியிருந்தாரு. முன்பல்லு ஒண்ணு இல்லை எனக்கு, அதனால வாயை மூடிக்கச் சொன்னாரு. சீலையப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம். "எங்கம்மா புடிச்சீங்க, அச்சு அசலா இதேதான்!"னாரு. சொந்தக்காரப் புள்ளைகிட்ட வாங்குனதுன்னேன். அவரு என்ற மூஞ்சியப் பார்த்துட்டுக் கேமராப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

அங்க ஒரு டப்பா வச்சிருக்கறாங்க கண்ணு. உள்ள ஸ்டிக்கர் பொட்டு, பவுடரு, சீப்பு, அதோட கவரிங்ல ஒரு தாலிக்கொடி. என்னை மாதிரி வர்றவங்களுக்குன்னே. சேந்து நிக்கறப்பப் பொட்டும் பூவும் தாலியும் இல்லாம நிக்க வைக்க முடியாதில்ல. எத்தனை பேரு கழுத்துல ஏறி எறங்குனதோ, முலாம் போயி வெளுத்துக் கெடந்துச்சு. நானே எடுத்துப் போட்டுக்கிட்டேன். குளுகுளுன்னு இருந்துச்சு. என்றதைக் கழட்டுனப்ப ஊரே சுத்தி நின்னுச்சு. இதைப் போடறப்ப அந்தச் சம்பத்துகூட லைட்டு மாட்டப் போயிட்டாரு.

ஸ்டூலு மேல நிக்கச் சொன்னாரு. எங்கூட்டுக்காரரு உயரத்துக்கு நான் பத்தலை. "அம்மா, எடது தோளைச் சித்த எறக்குங்க. கை கனம் இருக்கறாப்பல"ன்னாரு. எறக்குனேன். அவ்வளவு வேண்டாம்னாரு. ஏத்துனேன். இல்லைங்கறாரு. எனக்கு எப்படித் தெரியும்? தட்டுக்கூடை சுமந்திருக்கறேன், குடம் சுமந்திருக்கறேன், அதுக்கெல்லாம் தோளை எப்படி வைக்கோணும்னு தெரியும். கையி எத்தனை கனம் இருக்கும்? கடைசியில சம்பத்தே, பாஸ்போர்ட் போட்டாவுக்கு வர்றவங்களுக்குன்னு வச்சிருக்கற கோட்டை மடிச்சு என்ற தோள் மேல வச்சாரு. "இந்தக் கனம்தாங்க. மனசுல வச்சுக்கங்க"ன்னுட்டு, எடுத்துட்டாரு.

அப்ப மட்டும் ஒரு மாதிரி இருந்துச்சு. ஆசையா இருந்துச்சுன்னு வச்சுக்கயேன். இன்னும் சித்த நேரம் அது அங்கயே கெடந்தா என்னன்னு இருந்துச்சு. அப்பறம் அதுவும் போயிருச்சு. சட்டுன்னு லைட்டு அடிச்சுது, முடிஞ்சுதுன்னாரு. தாலியக் கழட்டி டப்பாவுல போட்டேன்.

படத்தை மயில்சாமிதான் போயி வாங்கியாந்தான். பேப்பர் சுத்தி வந்துச்சு. புண்ணியார்ச்சனை அன்னைக்கு அய்யர் ஓமம் வளத்தி முடிச்சப்பறம், எல்லாரும் பார்க்கறப்பப் பிரிச்சு மாட்டுனாங்க. நானும் அப்பத்தான் பார்க்கறேன். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கொறைவு. பின்னால அருவிய எடுத்துட்டு நீல வானம் வச்சிருந்தாரு சம்பத்து.

எல்லாருக்கும் ஒரே சந்தோசம். எங்க நங்கை கிட்டப் போயிப் பார்த்தா. சம்பந்தி ஊட்டுக்காரங்களும் நிக்கறாங்க, அவங்களுக்குக் கேக்கறாப்பலச் சொல்றா, "எந்தம்பி இவளை எப்பவும் இப்படித்தான் வச்சிருந்தான். கையத் தோள்ல இருந்து எடுத்ததில்லை"ன்னு. கேட்டை மறிச்சு நின்னவ அவதான். எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. மயில்சாமி மட்டும் அய்யருக்குத் தாம்பாளம் எடுக்கறேன்னு உள்ள போயிட்டான்.

நானும் கிட்டப் போயிப் பார்த்தேன். மூஞ்சி என்றதுதான். நல்லாத்தான் வந்திருந்துச்சு, சுருக்கத்தையெல்லாம் எடுத்திருந்தாரு. கோண வகுடு, கனகாம்பரம், எல்லாம் இருந்துச்சு. கழுத்தோரத்துல தெரியற கவரிங் கொடியக்கூடத் தங்கமாட்டம் பண்ணியிருந்தாரு. தோளைப் பார்த்தேன். அவரு வெரலு சீலை மடிப்புல பொதைஞ்சு அத்தனை பாந்தமா இருந்துச்சு. அப்பறம் கீழ பார்த்தேன். முன்னால கையக் கட்டி நிக்கறா இல்ல, வலது கையில, மணிக்கட்டுக்கு மேல, அவரைக்கொட்டை கணக்கா அந்தத் தழும்பு. பெருசு பண்ணினதுல நல்லாத் தெரியுது.

சின்னப் போட்டாவுல அது தெரியவே இல்லை.

அப்பறமா சம்பத்துக்குப் போனு போட்டுக் குடுக்கச் சொல்லிக் கேட்டேன். சண்டைக்கெல்லாம் இல்லை. "நீங்க எளைச்ச ஒடம்புங்கம்மா, தோள் ஒட்டவே இல்லை, கை அந்தரத்துல நின்னுச்சு. என்னென்னமோ பண்ணிப் பார்த்தேன். அதான் கழுத்து வரைக்கும் உங்களை எடுத்துக்கிட்டு மீதிய அப்படியே உட்டுட்டேன். கை இருக்கோணும்னு சொன்னீங்களே"ன்னாரு.

செரிதான், நான் சொன்னதுதான். யாரும் கண்டுபுடிக்கலை. மூஞ்சியத்தான பார்க்கப் போறாங்க, கையையா பார்ப்பாங்க? எனக்கு அதுல ஒண்ணும் இல்லை. அந்தச் செவுத்துக்கு நேராத்தான் சோத்து டேபிளு போட்டிருக்கறாங்க. நான் முதுகைக் காட்டீட்டு உக்காந்து சாப்பிட்டுக்கறேன். டிவி அந்தப் பக்கம் இருக்குது, அதனால.

அன்னைக்குப் பொழுதோட, ஒரம்பரையெல்லாம் போனப்பறம், பழைய ஊட்டுக்கு வந்து இந்தச் சீலையத் தொவைச்சேன்.

அப்படிப் பார்க்காத. இரவல் வாங்குனதைக் கட்டுன அழுக்கோட திருப்பிக் குடுக்கறது நல்லாவா இருக்கும்? எங்கம்மா ஊட்டுல அப்படி வளக்கலை. அவ ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பா. ஷாம்பு பாக்கெட்டைப் பிரிச்சு ஊத்தி, வாளியில நனைச்சு வச்சேன். தண்ணி செக்கச்செவேல்னு ஆயிருச்சு. இன்னொருக்கா அலசுனேன். இன்னும் செவப்பு. சாயம் நிக்கற வரைக்கும் அலசி அலசி ஊத்தீட்டே இருந்தேன். நெழல்லதான் காய வச்சேன், வெயில்ல போடலை. இஸ்திரி போட்டிருக்குது. பிரிச்சுப் பாரு வேணும்னா. கலரு கொஞ்சம் எறங்கியிருக்கும், அவ்வளவுதான்.

தொவைக்கறதுக்கு முன்னால மோந்து பார்த்தேன்.

கதவைச் சாத்தீட்டு. சீலை மொத்தத்தையும் மூஞ்சியில வச்சு மோந்து பார்த்தேன். அந்தச் சட்டைய அதுக்குள்ளதான மடிச்சு வச்சிருந்தா. ஏதோ ஒரு வாசம் அடிச்சுது. அது அவரு வாசமா, அவ வாசமா, வெறும் பீரோ வாசமா, எனக்குத் தெரியலை கண்ணு. எங்க இருந்து தெரியும்? புள்ளை பெத்தேன், அத்தனை வருசம் குடித்தனம் பண்ணுனேன், எனக்கு அது தெரியலை. தெரிஞ்சிருந்தா தொவைச்சிருக்க மாட்டேனோ என்னமோ.

கோயில்வழியா? அந்த ஆர்ச்சு தெரியுதே, அதுவா? இரு, எந்திரிக்கறேன். கால் மரத்துப் போச்சு.

ஏன் கண்ணு, நீ படிச்ச புள்ளை. தொவைச்சயான்னு அவ கேட்டா, இல்லைன்னு சொல்லீரட்டுமா?

அவ கேக்க மாட்டா. பையை வாங்கிப் பிரிச்சதுமே தெரிஞ்சுக்குவா. அவளுக்குத் தெரியும்.

குடு பையை.